இரவல் குரலும் இரவல் துணியும்

ஒரு படத்தை ஐந்தாறு முறை பார்த்த பிறகும் அதில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். 'சிங்கிங் இன் த ரெய்ன்' என்ற பழைய ஹாலிவுட் இசைப்படம் எனக்கு அப்படி ஒரு படம். முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில். மழை நாளெல்லாம் இல்லை, மின்விசிறியும் அனல் வீசும் ஒரு மே மாத இரவு. அறைத்தோழனின் கணினியைச் சுற்றி நான்கு பேர். அன்றும் சரி, அதற்குப் பின் பார்த்த முறைகளிலும் சரி, கண் ஜீன் கெல்லி மேலேயேதான் இருந்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, குடையை மடக்கிவிட்டு நனைகிறாரே, அந்தக் காட்சி. அதை விட்டால் டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் போடுவது. கூடவே ஒரு பெண்ணும் இருந்தார். உருண்டைக் கன்னம், எந்நேரமும் சிரித்த முகம். என் ஞாபகத்தில் அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் அந்தப் படம் எடுத்த கதையைப் படித்தேன். 'குட் மார்னிங்' என்று மூன்று பேரும் சேர்ந்து ஆடும் பாட்டு இருக்கிறது. கதைப்படி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. எடுத்த படம் ஊத்திக்கொள்ளப் போகிறது என்ற கவலையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் திடீரென்று ஒரு யோசனை வருகிறது. அந்தக் குஷியில் அடுப்படியில் தொடங்கி, படிக்கட்டில் ஏறி இறங்கி, மழைக்கோட்டுகளைப் பாவாடை மாதிரி கட்டிக்கொண்டு ஆடி, கடைசியில் சோஃபாவைக் கவிழ்த்துவிட்டு விழுந்து சிரிப்பார்கள். அந்தப் பாட்டைக் காலை 8 மணிக்கு எடுக்கத் தொடங்கி, இரவு 11 மணிக்கு முடித்திருக்கிறார்கள். முடிந்தபோது அந்தப் பெண்ணின் பாதங்களில் ரத்தக் குழாய்கள் வெடித்திருந்தன. ஒப்பனை அறைக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்களாம்.

அப்போது அவருக்கு வயது 19. நடனம் கற்கத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு பக்கமும் நின்று ஆடிய கெல்லியும் ஓ'கானரும் சின்ன வயதிலிருந்து மேடையில் வளர்ந்தவர்கள்.

அதைப் படித்ததிலிருந்து அந்தப் பாட்டு வந்தால் நான் கால்களைத்தான் பார்க்கிறேன். ஆறு கால்கள். எங்கேயாவது ஒன்று பிந்துகிறதா என்று தேடுவேன். கொஞ்சம் பிந்துவது போல எனக்குத் தோன்றிய இடங்களிலெல்லாம், அடுத்த நொடியே அந்த முகம் என் கண்ணை மேலே இழுத்துவிடும். அதுவும் ஒரு வித்தைதான்.

டெபி ரெய்னால்ட்ஸ். பெற்றோர் வைத்த பெயர் மேரி ஃபிரான்சிஸ். 1932 ஏப்ரல் 1, டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் பிறந்தவர். முட்டாள்கள் தினத்தில் பிறந்ததை அவரே மேடையில் நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்வார். அப்பா ரயில்வேயில் தச்சர். பொருளாதார மந்தத்தின் மோசமான ஆண்டுகள் அவை. அம்மா வீட்டில் துணி வெளுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். ஊரார் துணி. இந்த ஒரு விவரத்தைக் கொஞ்சம் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1939ல் குடும்பம் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பர்பேங்க்கில்தான் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ. ஆனால் இந்தப் பெண்ணுக்குச் சினிமா ஆசை ஒன்றும் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியை ஆக வேண்டும் என்பதுதான் திட்டம். கண்டிப்பான மதப்பற்று உள்ள வீடு. 1948ல், 16 வயதில், 'மிஸ் பர்பேங்க்' அழகிப் போட்டியில் பெயர் கொடுத்தார். கலந்துகொள்கிற எல்லோருக்கும் ஒரு மேல்சட்டையும் கழுத்துத் துணியும் இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். அதற்காகத்தான் போனேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போட்டியில் ஏதாவது திறமை காட்ட வேண்டுமே? அன்று புகழோடு இருந்த பெட்டி ஹட்டனின் இசைத்தட்டை ஓடவிட்டு, அதற்கு வாயசைத்து, கோணங்கித்தனமாக ஆடிக் காட்டினார். சட்டை மட்டும் கிடைக்கும் என்று போனவருக்குப் பட்டமும் சேர்ந்து கிடைத்தது.

அரங்கில் இரண்டு ஸ்டூடியோக்களின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் வார்னர், மற்றவர் எம்.ஜி.எம். யார் இந்தப் பெண்ணை எடுத்துக்கொள்வது என்று காசு சுண்டிப் பார்த்தார்களாம். வார்னர் ஆள் ஜெயித்தார். மேரி ஃபிரான்சிஸை 'டெபி' ஆக்கியவர் ஜாக் வார்னர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் யார் கேட்டார்கள்? அன்றைய ஸ்டூடியோ முறையில் ஒப்பந்தம் போட்டுவிட்டால் பெயர், பல்வரிசை, முடியின் நிறம், யாரோடு எந்த விருந்துக்குப் போவது என்பது வரை அவர்கள் முடிவுதான். வார்னரில் ஓரிரு சின்ன வேடங்கள். பிறகு அங்கே இசைப்படங்கள் எடுப்பது குறைய, 1950ல் எம்.ஜி.எம். வந்து சேர்ந்தார்.

எம்.ஜி.எம்மில் கிடைத்த முதல் வேடத்தைக் கவனியுங்கள். 'த்ரீ லிட்டில் வேர்ட்ஸ்' படத்தில், ஹெலன் கேன் என்ற பழைய பாடகியாக ஒரே ஒரு காட்சி. திரையில் டெபி வாயசைக்கிறார், பாடுவது உண்மையான ஹெலன் கேன். அழகிப் போட்டியில் செய்த அதே வேலை, இப்போது சம்பளத்துக்கு. அதே ஆண்டு வந்த இன்னொரு படத்தில் கார்ல்டன் கார்ப்பென்டரோடு சேர்ந்து சொந்தக் குரலில் பாடிய 'அபா டாபா ஹனிமூன்' பத்து லட்சத்துக்கும் மேல் இசைத்தட்டு விற்றது. ஆக, பாடத் தெரியாதவர் இல்லை.

சரி, இப்போது அந்தப் படத்துக்கு வருவோம்.

டெபியை நாயகியாகப் போட்டது எம்.ஜி.எம்மின் தலைவர் லூயி பி. மேயர். இயக்குநர்கள் இருவரில் ஒருவரும் நாயகனுமான ஜீன் கெல்லிக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை. அவர் பக்கம் நின்று பார்த்தாலும் நியாயம் இருக்கிறது. கெல்லிக்கு அப்போது 40 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நடனத்தில் ஒரு விரல் நுனி தவறினாலும் மறுபடி எடுக்கிற ஆள். அவர் கையில் நடனமே தெரியாத ஒரு பெண்ணைக் கொடுத்து, படம் முழுக்க உன்னோடு ஆட வை என்றால்? மூன்று மாதம், நாளுக்கு எட்டு மணி நேரம், பயிற்சி கொடுக்க மூன்று பேர். கெல்லி அவ்வப்போது வந்து பார்ப்பார், குறை சொல்வார், போவார். பர்பேங்க்கில் பெற்றோரோடு இருந்த பெண், விடிவதற்குள் கிளம்பி, பேருந்து மாறி மாறி கல்வர் சிட்டிக்கு வந்து சேர வேண்டும்.

ஒருநாள் தாங்க முடியாமல், ஆளில்லாத ஒத்திகைக் கூடத்தில் பியானோவுக்கு அடியில் புகுந்து படுத்து அழுதிருக்கிறார். அந்த வழியாக வந்த யாரோ, யாரது அங்கே என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் ஃப்ரெட் அஸ்டேர். கெல்லி ஒரு துருவம் என்றால் இவர் மறு துருவம். காற்றில் மிதப்பது போல ஆடுகிறவர், தன் ஒத்திகையை யாரும் பார்க்க விடாதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் வெறும் ஆறுதல் வார்த்தையோடு நிற்கவில்லை. வந்து பார் என்று தன் ஒத்திகைக்கு அழைத்துக்கொண்டு போனார். டெபி உட்கார்ந்து பார்த்தார். திரையில் வியர்வையே வராத அந்த மனிதர் முகம் சிவக்க, மூச்சிரைக்க, எரிச்சலோடு ஒரே அடவை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். ஓ, இவருக்கும் இது கஷ்டம்தான் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்த் தன் பயிற்சியைத் தொடர்ந்தாராம். இந்தக் கதையை அவர் எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத கதை.

அந்தப் படத்தில் நடித்ததும் பிள்ளை பெற்றதும்தான் தன் வாழ்க்கையின் மிகக் கடினமான இரண்டு காரியங்கள் என்பார் டெபி. கெல்லியும் பின்னாளில், அந்தப் பெண்ணிடம் நான் நல்லபடி நடந்துகொள்ளவில்லை, இன்னும் என்னோடு பேசுவதே ஆச்சரியம் என்ற பொருளில் ஒப்புக்கொண்டார்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பாதங்கள் மட்டும் இல்லை. படத்தின் நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு வேடிக்கை.

கதை 1927ல் நடக்கிறது. மௌனப் படம் போய்ப் பேசும் படம் வருகிறது. லீனா லமான்ட் என்ற பெரிய நட்சத்திரத்தின் குரல், பலகையில் ஆணியால் கீறியது போல இருக்கும். அவளுக்காக, திரைக்குப் பின்னால் நின்று பேசியும் பாடியும் கொடுக்கிறாள் கேத்தி, அதாவது டெபி. பெயரும் புகழும் லீனாவுக்கு, உழைப்பு கேத்திக்கு. கடைசியில் மேடையில் திரையைத் தூக்கி உண்மையான குரல் யாருடையது என்று ஊருக்குக் காட்டுகிறார்கள். நாமும் கைதட்டுகிறோம்.

இப்போது ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போவோம். லீனாவுக்காகக் கேத்தி வசனம் பேசும் காட்சி இருக்கிறதே, அதில் வரும் மெருகேறிய குரல் டெபியுடையது இல்லை. டெபியின் உச்சரிப்பில் டெக்சாஸ் வாடை வீசியது. அதனால் அந்த வசனத்தைப் பேசியவர், லீனாவாக நடித்த ஜீன் ஹேகன். அவருடைய இயல்பான குரல் அவ்வளவு அழகு. அந்தக் கீச்சுக் குரல்தான் நடிப்பு. ஆக, ஹேகனுக்குக் குரல் கொடுக்கும் டெபிக்குக் குரல் கொடுத்தது ஹேகன். லீனாவுக்காகக் கேத்தி பாடும் 'வுட் யூ' பாட்டும் டெபி பாடியது இல்லை. பாடியவர் பெட்டி நாய்ஸ். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. இரவல் குரலை அம்பலப்படுத்தும் படம், அதே வேலையை இரவல் குரலால் செய்திருக்கிறது. திரையைத் தூக்கிய பிறகு, அதற்கும் பின்னால் இன்னொரு திரை!

நமக்கெல்லாம் இது முதலில் புரியாது. நம் ஊரில் கதாநாயகன் வாயசைப்பான், பின்னணிப் பாடகர் பாடுவார், வானொலிக்காரர் பாடியவர் பெயரைத்தான் முதலில் சொல்வார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஹாலிவுட்டில் அது கடைசிவரை மறைத்து வைக்க வேண்டிய காரியமாகவே இருந்தது. 1964ல் வந்த 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பாட்டில் பெரும்பகுதியைப் பாடிய மார்னி நிக்சனுக்கும் திரையில் பெயர் இல்லை. அந்தப் படத்தில் ஹெப்பர்ன் குதிரைப் பந்தயத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த கறுப்பு வெள்ளை உடையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தின் மூல நெகட்டிவ் பின்னாளில் தீயில் அழிந்துபோனது. இன்று நாம் பார்ப்பது மற்றப் பிரதிகளிலிருந்து மீட்டு எடுத்தது. யாரோ எங்கோ ஒரு பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் மிஞ்சியது.

டெபியின் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எடி ஃபிஷர் விவகாரத்தில்தான் போய் நிற்பார்கள். நான் அதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். பாடகர் எடி ஃபிஷரை 1955ல் மணந்தார். கேரி, டாட் என்று இரண்டு பிள்ளைகள். எலிசபெத் டெய்லர் டெபியின் தோழி, எம்.ஜி.எம்மின் ஸ்டூடியோ பள்ளியில் ஒன்றாக இருந்தவர். எலிசபெத்தின் கணவர் தயாரிப்பாளர் மைக் டாட், எடியின் நெருங்கிய நண்பர். பையனுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 1958 மார்ச்சில் மைக் டாட் விமான விபத்தில் இறந்தார். ஆறுதல் சொல்லப் போன எடி திரும்பி வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் வாசலில் வந்து குவிந்தபோது, சட்டையில் குழந்தையின் இடுப்புத் துணிக்குக் குத்தும் ஊக்குகளோடு வெளியே வந்து நின்றார் டெபி. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஊக்கு வேண்டுமென்றே குத்தியதா, மறந்துபோய் இருந்ததா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். எப்படி இருந்தால் என்ன?

சில ஆண்டுகளில் எலிசபெத்தும் எடியை விட்டுப் போனார். பிறகு ஒரு கப்பல் பயணத்தில், தற்செயலாக ஒரே கப்பலில் டெபியும் எலிசபெத்தும். சீட்டு எழுதி அனுப்பி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, சிரித்துச் சமாதானமாகிவிட்டார்கள். 2001ல் இருவரும் சேர்ந்து ஒரு தொலைக்காட்சிப் படத்தில் நடித்தார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர் கேரி. எடி ஃபிஷர் மாதிரி ஒரு ஆளை வைத்து அதிலேயே கிண்டலும் உண்டு.

நடுவில் வெற்றிகள் இருந்தன. 1957ல் 'டாமி' பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது, முழுக்கவும் சொந்தக் குரல். 1964ல் 'தி அன்சிங்கபிள் மாலி பிரவுன்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை. டைட்டானிக்கில் தப்பிப் பிழைத்த பெண்ணின் கதை அது. அந்த ஆண்டு விருது ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் போனது. இரண்டாவது கணவர் செருப்புக் கடைகளின் அதிபர், சூதாடி. தன் சொத்தோடு மனைவியின் சம்பாத்தியத்தையும் சேர்த்துத் தொலைத்தார். 1973ல் விவாகரத்து. டெபி இரவு விடுதி மேடைகளுக்குப் போனார். ஊர் ஊராக, ஆண்டுக் கணக்கில், ஆடிப் பாடி, மற்ற நட்சத்திரங்களைப் போலப் பேசிக் காட்டிக் கடனை அடைத்தார். இங்கேயும் இரவல் குரல்தான், பாருங்கள்.

ஆனால் இந்தப் பெண் எனக்கு ஏன் வேண்டியவராக ஆனார் என்றால், 1970ல் செய்த காரியத்தால்.

1969ல் எம்.ஜி.எம்மைக் கிர்க் கெர்கோரியன் என்ற கோடீஸ்வரர் வாங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது நிலமும் பெயரும். லாஸ் வேகாஸில் அந்தப் பெயரில் பெரிய ஓட்டல் கட்டினார். கல்வர் சிட்டியில் ஏக்கர் கணக்கில் கிடந்த தெருக்கள், ஏரிகள், கப்பல்கள், கிராமங்கள் எல்லாம் பொட்டலாகி விற்பனைக்குப் போயின. இசைக் குறிப்புத் தாள்கள் குப்பைக் கிடங்குக்குப் போயின. அரை நூற்றாண்டுக் காலம் சேர்ந்திருந்த உடைகளையும் அரங்கப் பொருட்களையும் மொத்தமாக ஓர் ஏலக்காரருக்கு 15 லட்சம் டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். 1970 மே மாதம் ஏலம். ஏலக்காரர் அவற்றைப் படப்பிடிப்புத் தளங்களுக்குள் வரிசையாக மாட்டி வைத்து, நாள்கணக்கில் கூவி விற்றார். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புச் செருப்புகளில் ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. அன்று அதுவே எல்லோரும் வாய் பிளந்த விலை.

அந்தக் கூட்டத்தில் டெபி உட்கார்ந்திருந்தார். தன் படங்களின் உடைகளை மட்டும் வாங்கியிருந்தால் நமக்குப் புரியும். அவர் வாங்கியது மற்றவர்களுடையதை. முன்பின் பார்த்திராத பழைய நடிகைகளின் உடைகள், தொப்பிகள், நாற்காலிகள். அடுத்த ஆண்டு ஃபாக்ஸ் ஸ்டூடியோவும் தன் சேமிப்பை விற்றபோது அங்கேயும் போனார். மர்லின் மன்றோவின் அந்த வெள்ளை உடை, சுரங்க ரயிலின் காற்றில் மேலெழும்புமே, அது அவர் கைக்கு வந்தது. பார்த்த இடத்திலெல்லாம் வாங்கினார். சேர்ந்தது 3,500க்கும் மேற்பட்ட உடைகள்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வரும். 'பழைய பட்டுப்புடவை வாங்குறதூ' என்று கூவிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வருவார். ஜரிகையில் வெள்ளி இருக்கும். எரித்தால் மிஞ்சும் வெள்ளிக்கு விலை, பட்டுக்கு இல்லை. பாட்டியின் கூறைப்புடவை அப்படித்தான் போனது. மடிப்பில் இற்றுப்போய்விட்டது, இனி யார் கட்டப் போகிறார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். தப்பு என்று சொல்ல முடியாது, அந்தப் பணத்துக்கு அன்று வேலை இருந்தது. ஆனால் அந்த அரக்கு நிறத்தை இப்போது யாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புகைப்படம் கறுப்பு வெள்ளை.

அம்மா ஊரார் துணியை வெளுத்துக் கொடுத்தார், மகள் ஊரார் துணியைக் காத்து வைத்தார் என்று நான் சொன்னால் அது என் கற்பனை இணைப்பு. டெபி அப்படி எங்கும் சொன்னதாக நான் படித்ததில்லை. அவர் சொன்னது நேரடியானது. இந்த உடைகளை வடிவமைத்தவர்கள், தைத்தவர்கள், மணி கோத்தவர்கள் பெரிய கலைஞர்கள், இது அமெரிக்காவின் வரலாறு, ஓர் அருங்காட்சியகம் வேண்டும். நாற்பது ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்கர் கொடுக்கும் அகாதமியிடம் கொண்டுபோய்ப் பலமுறை கேட்டார். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று மூன்றாவது கணவரோடு சேர்ந்து லாஸ் வேகாஸில் ஓர் ஓட்டலை வாங்கி, தன் பெயர் வைத்து, 1995ல் உள்ளேயே அருங்காட்சியகமும் திறந்தார். இரண்டே ஆண்டில் திவால். ஓட்டலை வாங்கியது மல்யுத்தப் போட்டி நடத்தும் நிறுவனம். அப்புறம் ஹாலிவுட்டிலேயே ஒரு முயற்சி, டென்னசியில் ஒரு முயற்சி. எதுவும் கட்டிடமாகவில்லை, கடன்தான் மிஞ்சியது.

2011 ஜூன் 18, பெவர்லி ஹில்ஸ். கடனை அடைக்க வேறு வழி இல்லை. இம்முறை மேடையில் இருந்தது டெபியின் பொருட்கள், கூட்டத்தில் வாங்குகிறவர்கள். மன்றோவின் வெள்ளை உடை 46 லட்சம் டாலர், கமிஷன் தனி. உண்மையில் அது அப்போது வெள்ளையாகவும் இல்லை, பழுப்பேறியிருந்தது. ஹெப்பர்னின் குதிரைப் பந்தய உடை 37 லட்சம். அந்தப் பாட்டுகளைப் பாடிய மார்னி நிக்சன் அப்போது உயிரோடு இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு ஏனோ சிரிப்பும் வருகிறது, வேறேதோவும் வருகிறது. ஜூடி கார்லண்டுக்கு உடைச் சோதனைக்காகச் செய்து, படத்தில் வராத ஒரு சிவப்புச் செருப்பு ஜோடி 5,10,000 டாலர். சாப்ளினின் தொப்பி 1,10,000. கிளியோபாட்ராவாக நடித்தபோது எலிசபெத் டெய்லர் அணிந்த தலையணியும் அதில் இருந்தது. ஆமாம், அதையும் இவர்தான் வாங்கி வைத்திருந்தார். எலிசபெத் அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் இறந்திருந்தார்.

பணம் வந்தது, கடன் தீர்ந்தது. நாற்பது ஆண்டுகளாக இதெல்லாம் குப்பை என்றவர்கள் முன்னால் அவர் சொன்னது சரி என்று நிரூபணமானது. ஆனால் எந்த விலையில் நிரூபணமானதோ அதே விலையில் சேகரிப்பு சிதறிப்போனது. வென்றாரா தோற்றாரா என்று என்னிடம் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அடுத்த ஆண்டே அகாதமி, தான் கட்டப்போகும் அருங்காட்சியகத்துக்காக ஒரு ஜோடி சிவப்புச் செருப்பைப் பெற்றது. லியனார்டோ டிகாப்ரியோ, ஸ்பீல்பெர்க் போன்றவர்கள் பணம் போட்டு வாங்கிக் கொடுத்தது.

மகள் கேரி ஃபிஷரை எல்லோருக்கும் தெரியும், 'ஸ்டார் வார்ஸ்' இளவரசி. அம்மாவைப் பற்றி அவர் எழுதியதும் பேசியதும் கூர்மையானவை. பத்தாண்டுக் கணக்கில் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். பிறகு ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தார்கள். கேரிக்கு மனநோய் இருந்தது, அதை வெளிப்படையாகப் பேசினார். டெபியோ அதற்கெல்லாம் முன்பே, 1950களிலிருந்து, 'தாலியன்ஸ்' என்ற நடிகர்கள் அமைப்பில் சேர்ந்து மனநல மருத்துவத்துக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தவர். அந்தப் பணிக்காகத்தான் 2015ல் அகாதமி அவருக்கு மனிதாபிமான விருதைக் கொடுத்தது. உடல்நிலை சரியில்லை, பேத்தி போய் வாங்கி வந்தார்.

2016 டிசம்பர் 23, லண்டனிலிருந்து திரும்பும் விமானத்தில் கேரிக்கு மாரடைப்பு. 27ஆம் தேதி இறந்தார். மறுநாள், மகன் டாட் வீட்டில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தபோது டெபிக்குப் பக்கவாதம். அன்றே போய்விட்டார், வயது 84. கேரியோடு இருக்க வேண்டும் போல இருக்கிறது என்று சொன்னதாக மகன் சொன்னார். கேரியின் சாம்பலை வைத்த கலசம், பெரிய மாத்திரை வடிவத்தில் பீங்கானில் செய்தது. மனச்சோர்வு மாத்திரையின் வடிவம். கேரி ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த பொருளாம். அந்தக் குடும்பத்தில் துக்கத்துக்குள்ளும் ஒரு நகைச்சுவைக் காட்சி இருந்தே தீரும்.

அகாதமியின் அருங்காட்சியகம் 2021ல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டாட் ஃபிஷர், அம்மாவின் பெயரே அதில் இல்லையே என்று பத்திரிகையில் வெளிப்படையாக வருத்தப்பட்டிருந்தார். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கூடத்துக்கு டெபி ரெய்னால்ட்ஸ் பெயரை வைத்தார்கள். காட்சிக் கூடம் இல்லை. பழைய பொருட்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் பட்டறை.

போன வாரம் மறுபடி 'குட் மார்னிங்' பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. மழைக்கோட்டைச் சுழற்றுகிற இடம் வந்ததும் நிறுத்தி, உடையைப் பார்த்தேன். கால் மணி நேரம் உற்றுப் பார்த்திருப்பேன். யார் தைத்தார்கள், அது இப்போது எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. அப்புறம் மறுபடி ஓடவிட்டேன். சோஃபா கவிழ்ந்தது. மூன்று பேரும் விழுந்து கிடந்து சிரித்தார்கள். அவர் நடுவில்.